இடப்பக்கம் சாயும் படம்

மாலையில் மண்டபத்தைப் பூட்டும்போது நேராக இருக்கும் படம், காலையில் திறக்கும்போது இரண்டு விரற்கடை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று நாளாக இதே கதை. பகலில் அது எப்போது நிமிர்கிறது என்று யாரும் கவனித்ததில்லை. இயற்பியல் ஆசிரியர் ஞானமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

1979 மே மாதம். வேலூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. நாற்பது படங்களையும் மாட்டியவர் அவர்தான். சுவரில் ஆணி அடிக்கப் பள்ளி சம்மதிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் சட்டத்தின் தலைநடுவில் ஒரு வளையம், உத்தரத்திலிருந்து ஒரு கயிறு. அப்படித் தொங்குகிற படம் தராசுத் தண்டு மாதிரி. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மற்ற முப்பத்தொன்பதும் நேராகவே நின்றன. சாய்ந்த ஒன்று, ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் ரஷீத் அஹமது வரைந்தது. ஆட்டுத்தோலின் மேல் ஒரு வீட்டு முற்றம். இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் வந்ததும் பார்வையாளர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"யாருக்கோ இடம் போட்டு வச்ச மாதிரி இருக்குல்ல?" என்றாள் ஒரு நர்ஸ், தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு.

மூன்றாம் நாள் காலை அதைப் பார்த்த கண்காட்சிச் செயலாளர் சம்பத்துக்கு எரிச்சல். "இன்னா சார் இது, கள்ளு குடிச்சவன் மாதிரி சாஞ்சிக்கினு நிக்குது? நாளைக்கும் இப்படியே இருந்தா கழட்டிடுங்க."

அப்போதுதான் உள்ளே வந்த ரஷீத் பதறினார். "வேணாம் சார். என் வீட்டுக்காரி வஜீதாவ வரையத்தான் உட்கார்ந்தேன். அவ மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து ரெண்டே மாசம், அதுக்குள்ள முகம் புடிபடல. நாற்காலிதான் வந்துச்சு. அவளுக்குனு எங்கிட்ட மிச்சம் இது ஒண்ணுதான்."

"தோல் ஈரத்தக் குடிக்கும் பாய்," என்றார் ஞானமுத்து. " தடிப்பான பக்கம் ஜாஸ்தி குடிக்கும். அதான் சாயுது."

"ரெண்டு பக்கமும் ஒரே தடிப்புதான் சார், என் விரலு பொய் சொல்லாது. அதுவும் வேலூர் வெயில்ல ஏது ஈரம்?"

மறுநாள் எட்டு மணிக்கே ரஷீதை அழைத்துக்கொண்டு ஞானமுத்து மண்டபத்தைத் திறந்தார். படம் சாய்ந்திருந்தது. தோலைத் தொட்டுப் பார்த்தார். ஈரமே இல்லை.

நாற்காலி வரைந்திருந்த இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

எதிரே கிடந்த பிரம்பு பெஞ்சில் ரஷீத் ஓரமாக உட்கார்ந்தார். தினமும் அவர் இடம் அதுதான். மாலையில் கடைசியாக எழுந்து போகிறவரும் அவரே.

மின்விசிறி ஓடவில்லை. சன்னல்கள் மூடியிருந்தன.

கயிறு கிறீச்சிட்டது.

யாரும் தொடாமல், படம் மெல்ல நிமிர்ந்தது.

ரஷீதுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், பிரம்புப் பின்னல் ஓர் ஆளின் கனத்துக்கு அமுங்கியது.

ரஷீத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"சார்," என்றார் கிசுகிசுப்பாக. "கதவ மெதுவா சாத்துங்க."

ஞானமுத்து வெளியே வந்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு சம்பத்துக்கு ஒரு சீட்டு எழுதி வாசல் மேசையில் வைத்தார்:

"தினமும் முதலில் ரஷீத் பாயை உள்ளே விடவும். அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்களை விடலாம். அவர் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார வேண்டாம். படம் நேராக நிற்கும்."