கஞ்சி குடித்த சேறு

மழை விட்டும், தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் குழாயில் வந்த தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்திலேயே இருந்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. தன் இல்லத்தின் கொடி பிடித்து முன்னால் நடப்பவள் நிஷாந்தி. அவளுக்கு இருப்பதோ ஒரே வெள்ளைச் சட்டை. அதிலும் முன்னும் பின்னும் சேறு.

அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நிஷாந்தி தன் வீட்டு வாளியையும், இரவல் வாங்கிய பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்காவின் வாளியையும் நிரப்பினாள். சவரம் செய்தபின் அப்பா முகத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டியை எடுத்து இரண்டிலும் கலக்கினாள்.

“தண்ணிக்கும் சவரமா?” என்றான் தம்பி தனுஷன்.

“பள்ளிக்கூடத்துல சொன்னாங்கடா. சேத்துத் துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மெதக்குது. படிகாரம் போட்டா சண்டைய விட்டுட்டு ஒட்டிக்கிரும். கனமாகிக் கீழ உக்காந்துரும்.”

அவர்கள் வாளி தெளிந்தது. அக்காவின் வாளி மட்டும் கலங்கியே கிடந்தது. படிகாரமும் கரைந்து தீர்ந்தது.

இடுப்பில் கைப்பிள்ளையோடு நாகலெட்சுமி அக்கா வந்தாள். “ஒங்க வாளிக்கு நல்ல மருந்து, என் வாளிக்குப் போலி மருந்தா?”

நிஷாந்தி அந்த வாளிக்குள் கையை விட்டாள். வழவழவென்றிருந்தது.

“காலையில இதுல என்னங்கக்கா வச்சிருந்தீங்க?”

“சேலைக்குக் கஞ்சி போட்டேன். மிச்சம் அடியில கெடந்திருக்கும்.”

“அதாங்க. கஞ்சி ஒவ்வொரு துகளுக்கும் போர்வை போத்தி விட்டுருச்சு. படிகாரம் கிட்டவே போக முடியல.”

“சேத்துக்கே என் கஞ்சி புடிச்சிருக்கு. எங்க வீட்டு மனுசனுக்குத்தான் புடிக்கல.”

அப்போதுதான் பிள்ளையின் நாற்றம் நிஷாந்தியின் மூக்கில் ஏறியது. முதுகு வரை கழிந்து வைத்திருந்தது. அதைக் கழுவத்தான் அக்கா தண்ணீர் தேடி வந்திருந்தாள்.

நிஷாந்தி தெளிந்த வாளியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

“இதுல பாதிய எடுத்துக்குங்கக்கா.”

“அப்ப சட்டை?” என்றான் தனுஷன்.

“மிச்சத் தண்ணி முன்பக்கம் மட்டும் தொவைக்கக் காணும்.”

“பின்பக்கம்?”

“கொடி புடிக்கிறவளப் பின்னால இருந்து யாருடா பாக்கப் போறா?”

“பின்னால வர்ற எல்லாரும்.”

மறுநாள் சட்டையின் முன்பக்கம் பளிச்சென்றிருந்தது. பின்பக்கம் பால் தேத்தண்ணி. அணிவகுப்பில் முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிஷாந்தி கொடியை இறுகப் பிடித்து நேராக நடந்தாள்.

அடுத்தது ஓட்டப் போட்டி. விசில் ஊதியதிலிருந்து முடிவுக் கோட்டைத் தொடும் வரை, மற்றவர்கள் எல்லாரும் அந்த அழுக்கு முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினார்கள்.