காதைத் தொட்டால் உள்ளே ஓடு

மழை வலுத்த நேரம் பார்த்துத்தான் பேருந்தும் வந்தது. வந்தது என்ன வந்தது... முன்படியில் எள் போட்டால் எள் விழாது. பின்படியில் மட்டும் கொஞ்சம் இடம் தெரிந்தது.

நிறுத்தத்தின் மறுகோடியில் நெட்டை செல்போனில் மூழ்கிக் கிடந்தாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியிலேயே உயரமானவள். கூப்பிட்டால் காதில் விழாத ஜாதி. இந்தக் கோடியில் நின்றிருந்த அணிக் கேப்டனின் கை பழக்கதோஷத்தில் தானாக எழுந்தது. இடது காதைத் தொட்டாள். இரண்டு விரலைக் கீழே காட்டினாள். பின்னால் காலி, உள்ளே ஓடு என்று அர்த்தம்.

நெட்டை நிமிரவே இல்லை. ஓடியது வேறொருவன்!

பக்கத்தில் கறுப்புக் குடையோடு நின்றிருந்தவன், சட்டென்று குடையை மடக்கி, இரண்டு பேரைத் தாண்டி, பின்படியில் வழுக்கிக்கொண்டு ஏறி, திரும்பிக் கை நீட்டினான்.

"ஏறுங்க... இடம் போயிடப் போவுது!"

அதிர்ச்சியில் அவள் கையைக் கொடுத்துவிட்டாள். பேருந்து கிளம்பியபோது நெட்டை வாயைப் பிளந்துகொண்டு நனைந்து நின்றாள்.

"அந்த சைகை உங்களுக்கு எப்படித் தெரியும்?" மூச்சு வாங்கியபடி கேட்டாள். அணிக்கு வெளியே ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாத சைகை அது. நாளை மறுநாள் இறுதி ஆட்டம் வேறு.

"சைகையா? காது அரிக்குதுன்னு நினைச்சேன்."

"காது அரிச்சா பஸ்ல ஏறுவீங்களா?"

சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது... அதைப் போய் ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"எங்களை வேவு பாக்குறீங்க. எதிர் டீம் ஆள்தானே?"

அவன் சிரிப்பு அடங்கியது. "ஆள் இல்லைங்க. கோச். இந்த மாசம்தான் சேந்தேன்." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க சைகை எனக்குத் தெரியுங்கறது உங்களுக்கும் தெரியணும் இல்ல? அதான் நியாயம். மாத்திடுங்க, கேப்டன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான். குடை அவள் கையில் இருந்தது. எப்போது கொடுத்தான்?

அவள் அணிக்கு அண்ணன்தான் கோச், வீட்டில் கோச்தான் அண்ணன். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"அவனுக்குத் தெரியாம இருக்குமா... அதெல்லாம் அவன் கண்டுபிடிச்சதுதானே."

"என்னது! உன் மூளையில உதிச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே!"

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவள் விடுதிப் பள்ளியில் இருந்த காலம் அது. அண்ணன் அணித் தலைவன், பந்து போடுவதில் புலி. குடைக்காரன் அதே அணியில் பாயின்ட் கார்டு. பந்தை எடுத்து வந்து, களம் பார்த்து, யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்பவன். உயிர்ச் சிநேகிதர்கள். இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில் பந்தைத் தனக்கே தரச் சொல்லி அண்ணன் கத்தினான். அவன் வேறொருவனுக்குக் கொடுத்தான். பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. கோப்பையும் போயிற்று, நட்பும் போயிற்று.

"அண்ணா, சைகையை மாத்திடலாம்."

"அவன் சொல்லி நான் மாத்தணுமா? உயிரே போனாலும் முடியாது! நீ ஆடு. நான் சொல்றதை மட்டும் செய்."

கல்லூரியில் அவளுக்கு இதுவே கடைசி ஆட்டம். சொந்த அண்ணனின் வீம்பும், முன்பின் தெரியாத ஒருவனின் நியாயமும் சேர்ந்து அதற்கு வேட்டு வைத்துவிடும் போலிருந்தது.

இறுதி ஆட்டம். எதிர்ப் பெஞ்சில் அவன்... அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வேறு வழியில்லாமல் காதைத் தொட்டாள். இதோ, எதிரணிப் பெண்கள் பின்பக்கத்தை அடைக்கப் போகிறார்கள்... அடைக்கவில்லை! நெட்டை உள்ளே ஓடிப் பந்தைப் போட்டாள். மறுபடி தொட்டாள். மறுபடியும் ஏமாந்தார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் தன் அணிப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கையில் கிடைத்த சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடுகிறவன் என்ன மனிதன்? ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் அவளுக்குள் என்னமோ நிகழ்ந்தது. பெயர் வைக்க நேரமில்லை, ஆட்டம் போய்க்கொண்டிருந்தது.

எதிரணியும் லேசுப்பட்டதல்ல. கடைசி நொடிகளில் இவர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து அவள் கையில்.

"நீயே போடு!" பெஞ்சிலிருந்து அண்ணன் கத்தினான்.

அவள் மீது இரண்டு பேர் பாய்ந்தார்கள். மூலையில் நெட்டை தன்னந்தனியாக நின்றாள். கண் பார்த்ததைக் கை செய்தது. பந்தை நெட்டைக்குக் கொடுத்தாள்.

நெட்டை போட்டாள். பந்து வளையத்தைச் சுற்றியது... சுற்றியது... வெளியே விழுந்தது.

ஊதல் ஒலித்தது. நெட்டை தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் களத்துக்குள் வந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் நெட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

"திட்டறதுன்னா என்னைத் திட்டு. பாஸ் குடுத்தது நான்தான்."

அண்ணன் அவளைத் தாண்டி மூலையையே பார்த்தான். பேயறைந்த முகம்.

"உன்மேல ரெண்டு பேர் இருந்தாங்க," என்றான் மெல்ல. "அன்னிக்கு என்மேலயும் ரெண்டு பேர்... ஆடறப்போ தெரியலை. பெஞ்ச்ல உக்காந்து பாத்தாத்தான் தெரியுது. சரியான பாஸ்."

நேரே எதிர்ப் பெஞ்சுக்குப் போனான். இவ்வளவு காலம் தலைக்குமேல் வைத்திருந்த வீம்பை, அத்தனை பேர் பார்க்க இறக்கி வைத்தான்.

"அன்னிக்கும் சரியான பாஸ்தான்டா."

ஜெயித்த கோச்சின் கண்கள் நிறைந்துவிட்டன. தோற்ற கோச்சைக் கட்டிக்கொண்டான்.

வெளியே அதே மழை, அதே நிறுத்தம். அவள் அவனிடம் குடையை நீட்டினாள்.

"ஏன் உங்க பொண்ணுங்ககிட்ட சொல்லலை?"

"சொல்லிட்டு ஜெயிச்சா அது அவங்க ஜெயிச்சதா ஆகுமா? நீங்க ஏன் மாத்தலை?"

"அண்ணன் விடலை. ஆனா..." சொல்ல வந்ததை மாற்றினாள். களத்தில் எவ்வளவு கத்துகிற வாய்! "அன்னிக்கு பஸ்ல ஏன் ஓடுனீங்க? நிஜத்தைச் சொல்லணும்."

"அந்தச் சைகையைப் பாத்து வருஷக்கணக்காச்சு. யாரோ ஒருத்தி காதைத் தொட்டதும் காலு தானா ஓடிடுச்சு. ஏறித் திரும்பிப் பாத்தா... நீங்க. அன்னிலேருந்து நான் நானா இல்லைங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள் படபடவென்று. "தோத்த நாள்ல சொல்றேனேன்னு பாக்காதீங்க. ஜெயிச்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்."

குடை அவன் கையிலிருந்து நழுவியது. இத்தனை வருடம் எல்லோருடைய அடுத்த அசைவையும் முன்கூட்டியே கணித்தவன், சிலை மாதிரி நின்றான்.

பேருந்து வந்தது. முன்படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பின்படியில் மட்டும் கொஞ்சம் இடம்.

அரங்கின் வாசலில் அண்ணன் நின்றிருந்தான். எப்போது வந்தான், எதுவரை கேட்டான், தெரியவில்லை. அவளுக்கு உயிரே நின்றுவிட்டது. அண்ணன் இருவரையும் முறைத்தான்... பிறகு மெதுவாக இடது காதைத் தொட்டு, இரண்டு விரலைக் கீழே காட்டினான்.

இருவரும் ஓடினார்கள். அந்தப் பேருந்து எங்கே போகிறதென்று இருவருமே பார்க்கவில்லை.