தூண்மேல் இருந்த வெள்ளைக் கல்

காலை 9.10. அயர்லாந்தின் கொனமாரா மலையடிவாரத்தில் சரியாக இருபது ஆடுகள் காணவில்லை.

புகார் கொடுத்த கிழவர் பார்ட்லாவின் முகத்தில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. தம்பி கொலமைப் புதைத்து மூன்று வாரமாக அப்படித்தான் இருக்கிறது அந்த முகம்.

சார்ஜென்ட் நெஸ்ஸா ஆட்டுப்பட்டியின் கேட்டைத் தாண்டி, மறுபக்கத் தூண்மேல் கிடந்த வெள்ளைக் கல்லை ஒதுக்கிவிட்டு நோட்டை வைத்தாள்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"இருவர்."

எழுதினாள்.

"இல்ல. ஒருவர்."

அடித்துத் திருத்தினாள்.

"ஆடு?"

"நாலு இருபதும் பதினொண்ணும் இருக்கணும். மூணு இருபதும் பதினொண்ணும்தான் தேறுச்சு."

கிழவர்கள் இருபது இருபதாகத்தான் எண்ணுவார்கள்: தொண்ணூற்றொன்றுக்கு எழுபத்தொன்று. எங்கள் ஐரிஷ் மொழியில் ஆளுக்கு ஒரு எண்சொல், ஆட்டுக்கு வேறொன்று. மாற்றிச் சொன்னால் ஆள் கோபித்துக்கொள்வான். ஆடு பெருந்தன்மையாக விட்டுவிடும்.

"யார் மேல சந்தேகம்?"

"டைக்."

பக்கத்துக் கொட்டில்காரன் டைக் அங்கேயேதான் நின்றான். ஆட்டுத் திருடன் என்று பெயர் விழுந்தால் பொது மேய்ச்சல் மலையில் அவனுக்கு இடமில்லை. வேறு நிலமும் இல்லை.

"கொலம் சவப்பெட்டிக்குத் தோள் குடுத்தேன், பெருசு. அதே தோள்ல இருபது ஆட்டையும் தூக்கிட்டுப் போனேனாக்கும்?"

"என்னமோ. இருபது ஆட்டைக் காணோம்."

10.05. டைக்கின் கொட்டிலில் அவன் ஆடுகள் மட்டுமே இருந்தன. எல்லாவற்றின் முதுகிலும் அவனுடைய சிவப்பு அடையாளச் சாயம். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

10.40. மீண்டும் கேட்.

"எப்படி எண்ணுனீங்க?"

"ஒவ்வொண்ணா மலைக்கு விடுவேன். இருபதாச்சுன்னா இடது பையிலேருந்து ஒரு வெள்ளைக் கல்லு. முன்னெல்லாம் கொலம் அந்தப் பக்கம் நிப்பான். நான் நீட்டுவேன், வாங்கிப் பையில போட்டுக்குவான். இப்ப நானே வலது பைக்கு மாத்திக்கறேன்."

"கல்லு மொத்தம்?"

"அஞ்சு."

இடது பையில் ஒன்று. வலதில் மூன்று.

"இன்னொண்ணு?"

"எங்கயாவது விழுந்திருக்கும்."

நெஸ்ஸா மறுபக்கத் தூணுக்குப் போனாள். தன் நோட்டை எடுத்தாள். பக்கத்தில் அந்த வெள்ளைக் கல். சாட்சியத்தைத் தானே காலையில் ஒதுக்கி வைத்த சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"ஆட்டை விரட்டித் திருடறவனுக்குப் பதினேழு கிடைக்கும், இருபத்திமூணு கிடைக்கும். சிந்தாம சிதறாம ஒரு இருபது கிடைக்காதுங்க ஐயா. தப்பு ஆட்டுல இல்ல, கல்லுல. ஒரு இருபதுக்கு மட்டும் பழக்கத்துல கல்லை அந்தப் பக்கம் நீட்டி, தூண்மேல விட்டுட்டீங்க. இருபதைக் கொண்டுபோனது உங்க கைதான்."

பார்ட்லா கல்லைப் பார்த்தார். கொலமின் கை உயரத்தில் இருந்தது.

"வாங்கிக்கலபோல" என்றார்.

மாலை 4.20. மலையிலிருந்து ஆடுகளை இறக்கி மறுபடி எண்ணினார்கள். மறுபக்கம் டைக் நின்றான்.

"நீட்டு பெருசு. நான் வாங்கிக்குவேன்."

நான்கு கல். மிச்சம் பதினோரு ஆடு.

அறிக்கையில் 'காணாமல் போனவை' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது விதி. நெஸ்ஸா ஆட்டுக்கான சொல்லைத் தொடவில்லை. 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.