சீர் அண்டாவில் வேறொரு பெயர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காணிப்பாக்கம் குளத்தில் தலை முழுகி, ஈர வேட்டியோடு பிள்ளையாருக்கு எதிரே நின்று சொல்லச் சொன்னாலும் இதில் ஒரு எழுத்து மாறாது. அங்கே நின்று பொய் சொல்லும் தைரியம் சித்தூர் ஜில்லாவில் யாருக்கும் கிடையாது.

ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் நடுவே எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த ஐம்பத்தேழாம் வருஷம். நகரி. செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி.

ரத்தினம்மா கிணற்றடியில் பித்தளை அண்டாவைச் சாய்த்துப் போட்டு, வாயைச் சுற்றி ஓடிய ரெட்டைக் கோட்டுக்குள் அடைந்திருந்த கரியைத் துடைப்பக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். நேற்று ஈயம் பூசியபோது ஏறிய கரி. கொஞ்சம் நோண்டுவாள், கொஞ்சம் புளி வைத்துத் தேய்ப்பாள், கொஞ்சம் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். ஒரு மாதமாகப் பழைய சாமான் கடைகளுக்கு நடந்து நடந்து அவள் கால் அவளுடையதாகவே இல்லை. கணவன் கோவர்த்தனன் லுங்கி மூட்டையோடு மெட்ராசுக்குப் போயிருந்தான். வியாழக்கிழமைதான் வருவான்.

பாதி வட்டம் முடித்து அண்டாவை உருட்டினாள். குச்சி நின்றது.

கரி படிந்த கோட்டுக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. பளபளவென்று, 'சுலோசனா 1941'. முடிவில் ஐந்து இதழோடு சின்னப் பூ ஒன்று.

அவள் மகள் பெயர் அலர்மேல்மங்கை.

ஆறே முக்கால். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டு துலுக்காணம் கொட்டாவியோடு உள்ளே வந்தார். பின்னால் மரக்கடை சிவசங்கரன்.

"அண்டாவைத் தொடாதே ரத்தினம்மா," என்றார் ஏட்டு. "இவரு ஊட்டு அண்டா காணாம போயி ஒரு மாசம் ஆவுதாம். அது உன் கையில இருக்குதுன்னு சொல்றாரு."

"அதேதான்! பாருங்க, சுலோசனா! என் பொண்டாட்டி பேரு!" சிவசங்கரன் நேராகப் போய் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "எங்க மாமனாரு காஞ்சிபுரத்துல வாங்கிக் குடுத்தது. நாப்பத்தோராம் வருசம்!"

"இங்க இருக்குதுன்னு உங்களுக்கு யாருண்ணா சொன்னாங்க?" என்றாள் ரத்தினம்மா.

"யாரோ சொன்னாங்க. அதுவா முக்கியம்? திருட்டு அண்டாவை வச்சிகினு பொண்ணுக்குச் சீர் செய்யறியே, அதைப் பேசு!"

அக்கம்பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. அண்டா ஸ்டேஷனுக்குப் போனால் மங்கையின் கல்யாணமும் அதன் பின்னாலேயே போய்விடும். திருட்டுப் பட்டம் வாங்கிய வீட்டில் எவன் தாலி கட்டுவான்?

ஏட்டு படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். மூடினார். "தெலுங்குல எழுதுனா ஒருத்தரு திட்டறாரு. தமிழ்ல எழுதுனா இன்னொருத்தரு திட்டறாரு. இந்த ஊரு எந்தப் பக்கம் போவுதோ, சாமிக்குத்தான் தெரியும். முதல்ல ஒரு காபி குடும்மா."

மங்கை காபி கொண்டுவந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அவள் பெயர் வெட்டிக் கொடுத்த பித்தளை டம்ளர். ஏட்டு ஒரு வாய் குடித்தார்.

"எங்க வாங்குனே?"

"சித்தூரு. கன்னையா கடை."

"எப்ப?"

"நேத்து காலைல ஒம்பது மணிக்கு."

"அப்பவே இந்தப் பேரு இருந்திச்சா?"

"இல்ல ஏட்டையா. இருந்தா வாங்கியிருப்பனா?"

அது உண்மை. பழைய சாமான் வாங்குவதில் ரத்தினம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பாத்திரத்தை விரல் முட்டியால் தட்டி, அதில் சமைத்த மருமகள்கள் எத்தனை பேர் என்று சொல்வாள். ஒருமுறை திருப்பதியில் பழைய கட்டில் ஒன்றை முகர்ந்து பார்த்து, இதில் படுத்தவர் குறட்டைக்காரர் என்று சொல்லி விலையில் கால்பங்கு குறைத்துவிட்டாள். பழைய பட்டுப் புடவை என்றால் மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் பிடிப்பாள். பட்டு முதலில் இற்றுப்போவது மடிப்பில்தான். நேற்று அவள் படியேறியதும் கன்னையா, "உன்னைப் பார்த்தாலே கடையை மூடிட்டுப் போலாம்னு தோணுது தாயி," என்றான்.

அந்த அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, அது நனைகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு வாய் ஓரத்தில் விரலால் ஒரு சுற்று தடவினாள். இன்னொருத்தி பெயர் வெட்டிய பாத்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டாள். கல்யாணப் பந்தலில் எவளாவது அதை உரக்கப் படிப்பாள்.

"சரி, அப்புறம்?" என்றார் ஏட்டு.

"அதே தெருவுல ஈயக்காரரு. பத்தரையிலேர்ந்து பன்னண்டு வரைக்கும். பக்கத்துலயே குந்திகினு இருந்தேன்."

"பஸ்ஸுல?"

"ரெண்டு மணி பஸ்ஸு. குந்த எடம் இல்ல. அண்டாவைக் கவுத்துப் போட்டு, அது மேலயே குந்திகினு வந்தேன். அஞ்சு மணிக்கு இங்க எறங்கினேன். கால் நடக்க மாட்டேன்னுது. நல்ல வேளை, சம்பந்தி வண்டியோட நின்னுகினு இருந்தாரு. அண்டாவை ஏத்திக்கினாரு. நான் பூக்காரிகிட்டச் சொல்லிட்டு வந்தேன். ஆறரைக்கு அண்டா ஊடு வந்துச்சு. இருட்டிப்போச்சேன்னு அப்பிடியே உள்ள கவுத்து வச்சி, பக்கத்துலயே படுத்தேன்."

"அந்தக் கன்னையாவைப் புடிச்சி ரெண்டு போட்டா எல்லாம் வெளியே வரும்," என்றார் சிவசங்கரன் அவசரமாக.

ஏழரை. நாராயணசாமி வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த களை.

"கேள்விப்பட்டதும் மனசு கேக்கல சம்பந்திம்மா. பழசு வாங்குனா இப்பிடித்தான். போனா போவுது, நம்ம கடையில புது அண்டா இருக்குது. இப்பவே அனுப்பறேன். நீங்க இன்னா, அந்நியமா? விலை பார்த்துப் போடறேன்."

ரத்தினம்மா அவரைப் பார்த்தாள். ஏட்டு கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். அப்படியே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லாவிட்டால் அவள் திருடி. சொன்னால் மகள் போய் வாழவேண்டிய வீடு அது.

மங்கை கதவோரத்திலிருந்து சொன்னாள்: "சொல்லும்மா. நான் கட்டிக்கப்போறது அவரு புள்ளைய. கடைய இல்ல."

ரத்தினம்மா எழுந்து குச்சியை எடுத்தாள்.

"ஏட்டையா, இந்தப் பக்கம் நான் இன்னும் தேய்க்கல. கோட்டைப் பாருங்க. கரி. ஈயம் பூச அடுப்புல வாட்டும்போது வெளியே எங்கெங்க பள்ளம் இருக்குதோ அங்கெல்லாம் கரி ஏறும். தேய்ச்சாலும் பள்ளத்துல தங்கும்." குச்சி ஒரு அங்குலம் கீழே இறங்கியது. "இப்ப எழுத்தைப் பாருங்க."

ஏட்டு குனிந்தார். ஒவ்வொரு புள்ளியும் புதுக் காசு போல மின்னியது.

"நீ தேய்ச்சிருப்பே."

"எழுத்தைத் தேய்ச்சா, ஒட்டிகினு இருக்கிற கோடு மட்டும் கறுப்பாவே நிக்குமா? நாப்பத்தொண்ணுல வெட்டின எழுத்துன்னா நேத்து கரி ஏறியிருக்கணும். இது ஈயம் பூசுனதுக்கு அப்புறம் வெட்டுனது. அப்ப கன்னையா இல்ல. ஈயக்காரரு ஈயம் ஆறினதும் என் கையில குடுத்தாரு, அவரும் இல்ல. பஸ்ஸுல நான் மேலயே இருந்தேன். என் கண்ணுல படாம அண்டா இருந்தது ஒன்றரை மணி நேரம்தான். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இங்க வர நடந்தாலே கால் மணி."

"வழியில வண்டி அச்சாணி கழண்டு போச்சு!" என்றார் நாராயணசாமி.

"டம்ளரைத் திருப்புங்க ஏட்டையா."

ஏட்டு திருப்பினார். 'அலர்மேல்மங்கை'. முடிவில் ஐந்து இதழோடு சின்னப் பூ.

"பேரு வெட்டுனா கடைசியில பூப் போட்டாத்தான் சம்பந்திக்குக் கை நிக்கும். ஊருல அவரு கடை பாத்திரம் எல்லாத்துலயும் இருக்குது. பழக்கத்துல இதுலயும் போட்டுட்டாரு. காஞ்சிபுரத்துக்காரன் நாப்பத்தொண்ணுல இவரு பூவை எப்பிடிப் போட்டான்?" அவள் குரல் உயரவே இல்லை. "உங்க கடைக்கு வராம சித்தூருக்குப் போயிட்டேன்னு கோவம். அதுக்கு என்னைத் திருடியாக்கலாமா அண்ணே?"

நாராயணசாமி வாசல் பக்கம் திரும்பினார். சிவசங்கரன் முந்திக்கொண்டார்: "நான் அப்பவே வேணாம்னேன்! சும்மா ஒரு மிரட்டல்தான், பயந்துகினு நம்ம கடையிலயே புது அண்டா வாங்கிடுவான்னு சொன்னியே நாராயணசாமி!"

ஏட்டு முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகத் தெம்பு வந்தது. எந்த மொழியிலும் எழுத வேண்டியதில்லை. "கேஸு வேணுமாம்மா?"

"வேணாம். எனக்குத் தெம்பில்ல. அவரு வெட்டுனதை அவரே அழிக்கட்டும். இங்கயே, தெருவுல குந்திகினு."

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை சம்பந்தி வெயிலில் உட்கார்ந்து, சுலோசனாவைப் புள்ளி புள்ளியாக மரச் சுத்தியால் தட்டி மட்டமாக்கினார். சிவசங்கரன் அண்டாவைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதே அண்டாவில் சாம்பார் கொதித்தது. நாராயணசாமி மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றார். ரத்தினம்மா பந்தல் தூணில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். மகள் மறுவீடு போனபோதும் யாரும் அவளை எழுப்பவில்லை.

காணிப்பாக்கம் குளத்தில் என்னை இதுவரை யாரும் முழுகச் சொன்னதில்லை. ரத்தினம்மாவுக்குப் பிறந்தது மூன்று பிள்ளைகள். மூன்றும் ஆண்.