திருப்பி வைத்த பிளேட்

காலைப் பாசஞ்சரின் ஊதல் அன்று வேதமணியின் வலது காதில் விழுந்தது.

ஸ்டூடியோவின் இருட்டறையில், சிவப்பு விளக்குக்குக் கீழே, மருந்துத் தட்டில் ஒரு கல்யாணப் படத்தை மெல்ல ஆட்டியபடி நின்றிருந்தான். சுவரைப் பார்த்து நின்றால் ஸ்டேஷன் அவனுக்கு இடப்பக்கம். கடை போட்ட நாளிலிருந்து தென்காசி வண்டி அவனுடைய இடது காதில்தான் ஊதும்; அந்தச் சத்தத்தின் நடுக்கம் தட்டிலிருக்கும் மருந்தில் சின்ன வளையங்களாகப் படர்ந்து அடங்கும்வரை கையை நிறுத்திக்கொள்வது அவன் பழக்கம். இன்று ஊதல், பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி இருக்கிற வலப்பக்கத்திலிருந்து வந்தது. மருந்தின் புளிப்பு வாடைக்கு இடையில் வேறொரு வாடையும் வந்தது. மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்சுகிற வாடை.

அது சங்கரநயினார் வீட்டு வாடை.

நயினார் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவன். வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின் வெளியே வந்ததில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, பிஸ்கட் டின்னை வெட்டியும் குடைக்கம்பியை நீட்டியும், சங்கரன்கோவில் ஸ்டேஷனை ஒரு பெரிய பலகைமேல் கட்டினான். சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின்கூட உண்டு. எல்லாம் வேதமணி எடுத்த படங்களைப் பார்த்துச் செய்தது. படத்தில் இல்லாதது பலகையில் இருக்கக்கூடாது என்பது இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி. மாதத்தில் ஒரு ஞாயிறு ரயில் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். ராஜபாளையத்திலிருந்துகூட ஒருவர் வருவார்.

எஞ்சின் டிரைவர் மைதீன் பாட்சா வந்த ஞாயிறில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோவில்பட்டி வெயிலிலும் குற்றாலச் சாரலிலும் காத்துக் கிடந்து எடுத்த படங்களை வேதமணி அவர்முன் பரப்பி வைத்தான். அவர் நாலு படத்தைப் புரட்டிவிட்டு, பலகைக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மனசே இல்லை. போகும்போது வேதமணியின் தோளைத் தட்டினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு வே. ஆனா உம்ம வண்டி நிக்குது. இவன் வண்டி ஓடுதுல்லா."

எல்லாரும் சிரித்தார்கள். வேதமணியும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான். என் கண் இல்லாமல் அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தான். நடக்கமுடியாதவன். என் படத்தைத் தின்று வளர்கிறவன்.

நயினார் படுக்கையில் விழுந்தபிறகு ஸ்டேஷனின் தென்காசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கிளைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் விடுகிற தூணும் இடம் மாறியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று அவன் சொல்லி அனுப்பினான். வேதமணி எடுத்தான். இருட்டறையில் படம் பதிந்த கண்ணாடி பிளேட்டைத் தாள்மேல் வைக்கும்போது கை ஒரு கணம் நின்றது. மருந்து பூசிய பக்கம் தாளைத் தொடவேண்டும். அவன் திருப்பி வைத்தான். இடது வலதாகும், வலது இடதாகும். இடையில் நிற்கும் கண்ணாடியின் தடிப்பால் ஓரங்கள் மட்டும் சற்று மங்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் பாட்சா பலகையைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த்தூணைப் போய் அந்தப் பக்கம் வைத்திருக்கிறீரே, என் எஞ்சின் தாகத்தில் செத்துப்போகுமே என்றார். அறையே சிரித்தது. படத்தில் அப்படித்தான் இருந்தது என்றான் நயினார். நீர் படத்தைத் தப்பாகப் பார்த்திருப்பீர் என்றான் வேதமணி. நயினார் அவனை ஒருமுறை பார்த்தான். பிறகு பசைக் கிண்ணத்தை இழுத்துக் கிளற ஆரம்பித்தான்.

தூணை அவன் மாற்றவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினான்.

இதைச் சொன்னது அவனுடைய அக்கா சண்முகசுந்தரி. ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று, பழைய படங்கள் இன்னும் இருந்தால் கொடுக்கச் சொன்னாள். ரதவீதி, கோபுரம், கடைத்தெரு, எதுவானாலும் சரி.

"படத்தைக் கண்ணாடிக்கு எதுக்க நிறுத்தி, கண்ணாடியைப் பாத்துப் பாத்துச் செய்யுதான் தம்பி. சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டக்கான். ஊரையே செய்யுதான்."

வேதமணி கொடுத்தான். செய்யட்டும், ஊர் முழுக்கச் சிரிக்கட்டும் என்றுதான் கொடுத்தான். மறுநாள் காலையில்தான் ஊதல் வலது காதில் விழுந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாக. கடையைப் பூட்டிவிட்டு வழக்கமாகத் திரும்புகிற பக்கம் திரும்பினால் கோபுரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பலசரக்குக் கடை காலண்டரில், பார்க்கிறவனுக்கு இடப்பக்கம் சிவனும் வலப்பக்கம் பெருமாளுமாக நிற்கிற சங்கரநாராயணர், பக்கம் மாறி நின்றார். கடைக்காரர் சங்கரசுப்பு அதற்கே தினமும் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வேதமணி விரலை நீட்டிக் கேட்டபோது, சாமி என்றைக்கு வே இடம் மாறினாரு, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று சிரித்தார். வீட்டில் மனைவி ஞானரத்தினம் கஞ்சி ஊற்றக் குனிந்தாள். அவள் வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

"உன் மச்சம்..."

"பொறந்ததுலேருந்து இங்கனதான இருக்கு," என்றாள் அவள், தொட்டுக்காட்டி.

எழுத்து மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினான். கடைப்பலகைகளை வாய்விட்டுப் படித்தபடி நடந்தான்.

ஒருநாள் சரியான பக்கம் பிரிண்ட் போட்ட படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நயினார் வீட்டுக்குப் போனான். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். அறை முழுக்க அந்த வச்சிர வாடை. பலகைமேல் ஊர் முழுவதும் இருந்தது, கண்ணாடிக்குள் தெரிகிற ஊர். முந்தின ஞாயிறு பாட்சா இதைப் பார்த்துவிட்டு, மனிதன் செய்கிற காரியமா இது என்று கண்கலங்கினாராம். சண்முகசுந்தரி சொன்னாள்.

வேதமணியின் கை சட்டைப்பைமேல் அப்படியே நின்றது.

"உமக்குத் தெரியுமா?" என்றான் மெதுவாக.

"அன்னைக்கே தெரியும் வே. ஓரம் மங்குனா பிளேட்டு திரும்பியிருக்குன்னு நீருதான சொல்லிக் குடுத்தீரு."

"அப்ப ஏன் மாத்தல?"

"நீரு பாத்ததைத்தான் நான் செய்யணும். அதுதான நம்ம பேச்சு." நயினார் உள்ளங்கையை விரித்தான். "ஒரு ஆளுதான் பாக்கி. கண்ணு வைக்கணும். அது கடைசியிலதான்."

உள்ளங்கையில் விரல்நகம் அளவுக்கு ஒரு மனிதன். பக்கத்தில் முக்காலிமேல் கேமரா. அதன் துருத்தி மடிப்புகளைக்கூடக் கருப்புத்தாளில் மடித்திருந்தான். எடுக்கவும் போடவுமாக ஒரு கருப்புத்துணி. முகம் வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. எத்தனை அழகாகச் செய்திருக்கிறான். வேதமணிக்கு வயிறு எரிந்தது. கெஞ்ச வந்த வார்த்தை உள்ளேயே கருகியது. ஒரு படம். பாட்சாவே ஓடுகிறது என்று சொல்லும்படி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். சட்டைப்பையிலிருந்த பிரிண்ட் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலமே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். தென்காசிப் பக்கத்தில், கைகாட்டியை ஒட்டிய வேப்பமரத்தடி அவன் எப்போதும் நிற்கிற இடம். கால்களுக்கு வழி தெரியும் என்று விட்டுவிட்டான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. போகிற வழியில் ஸ்டேஷன் பலகையைப் படிக்க நிமிர்ந்தான்.

எழுத்துகள் திரும்பியிருந்தன.

முக்காலியை ஊன்றினான். கருப்புத்துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டான். கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், பக்கமும் மாறித்தான் தெரியும். அதனால் வண்டி அதிலாவது இடப்பக்கமிருந்து வரும். வந்தது. முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு புகை. பிறகு ஊதல், இடது காதில். வேதமணிக்கு அழுகை வந்தது.

ஆனால் சக்கரச் சத்தம். டின் சத்தம். சாவி அவிழ்கிற சத்தம்.

எஞ்சினில் ஆள் இல்லை.

ஒதுங்கவேண்டும். ஒதுங்க முயன்றான். கால் வரவில்லை. மற்றக் காலும். குனிந்து பார்க்கக் கழுத்து வளையவில்லை. பாதத்திலிருந்து வாடை ஏறியது. வச்சிரம். சூடாக.

கண்ணாடியின் அடியில், வானம் இருக்கவேண்டிய இடத்தில், வரிசையாக உத்திரக்கட்டைகள்.

துணி விலகியது. அவன் கை அதைத் தொடவில்லை.

மேலே, மலைக்கும் மேலே, ஒரு முகம் குனிந்திருந்தது. ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தது. நாக்கைப் பல்லிடுக்கில் கடித்திருந்தது. ஒற்றை முடித் தூரிகையின் ஈர நுனி, கருப்பாக, நிதானமாக, அவனுடைய இடது கண்ணை நோக்கி இறங்கியது.