முள்ளங்கித் தோலின் வேலை

முள்ளங்கித் தோலுக்கு ஒரு வேலை தெரியும். தன் பள்ளியில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் ஏழாம் வகுப்பு பிளசி.

அவளுடைய அப்பா மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் மூட்டை இறக்குபவர். மண்டி வாசலில் கழித்துப் போட்ட முள்ளங்கி எப்போதும் குவிந்து கிடக்கும். அதன் தோலைச் சீவி, நசுக்கி, சாறு பிழிந்து, சோறு வடித்த கஞ்சியில் ஊற்றினாள் பிளசி. சிறிது நேரத்தில் கஞ்சியிலிருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிட்டது. மாறியதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் வரும். மாறிப்போயிருந்தால் நீலம் வராது.

தான் செலவாகாமல் இன்னொன்றின் மாற்றத்தை விரைவாக்கும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர் என்றார் சுகுணா டீச்சர். இதே வேலைக்கு அமிலம் ஊற்றிக் கொதிக்க வைப்பதும் உண்டாம். பிளசிக்கு அமிலமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். குப்பைக்குப் போகும் தோல் போதும்.

பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அங்கே தேர்வானால் தர்மபுரியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். அவர்கள் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை.

பிளசியும் அவள் தோழி கலைமணியும் மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான கஞ்சி. பாட்டிலில் சாறு. நடுவர்கள் வருவதற்குள் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று பிளசி கஞ்சியில் சாற்றை ஊற்றிக் காத்திருந்தாள். பிறகு ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு, அயோடின் சொட்டினாள்.

கருநீலம்.

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மறுபடியும் கருநீலம்தான்.

"இந்தச் சாறை என்னடி பண்ணுன?" என்று கேட்டாள் பிளசி.

கலைமணி வீட்டில் மூன்று கறவை மாடுகள். சாறு முந்தின நாள் மாலையிலிருந்து அவள் வீட்டில்தான் இருந்தது.

"ஒண்ணும் பண்ணல. சாயங்காலப் பாலுக்கு எங்கம்மா ஒரு கொதி வுடுவாங்கல்ல, காலையில திரியாம இருக்க? இதுவும் கெட்டுப்போயிருமேன்னு ஒரு கொதி வுட்டேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டேன்டி. அடி பிடிக்கவே இல்ல."

அடி பிடிக்காததைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைகூட இருந்தது. பிளசியின் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது.

பிளசி திட்ட வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் ஒரு வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. கண்காட்சி நடந்த பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் முள்ளங்கி சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

பச்சை முள்ளங்கியைக் கடித்தால் நாக்கு எரியும். சாம்பாரில் வெந்த முள்ளங்கி சாதுவாகிவிடும். கொதித்ததும் காரம் போவது மாதிரி, மாவுச்சத்தை மாற்றும் வேலையும் போயிருக்க வேண்டும். இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. சாம்பார் இருந்தால் தோலும் இருக்கும்.

ஓடினாள்.

"தோலா? அது எங்க வூட்டு மாட்டுக்கு எடுத்து வெச்சிருக்கேன் பாப்பா" என்றார் சமையல் செய்யும் நிர்மலாதேவி அக்கா.

"ஒரு கை மட்டும் குடுங்கக்கா. கண்காட்சிக்கு."

"மாடு கேட்டா நீயே பதில் சொல்லிக்க" என்றபடி அவர் இரண்டு கை அள்ளிக் கொடுத்தார்.

தோலைக் கழுவி, டம்ளரின் அடிப்பாகத்தால் நசுக்கி, சுத்தமான கைக்குட்டையில் வைத்துப் பிழிந்தாள் பிளசி. திரும்பி வந்தபோது கலைமணி பழைய சாற்றைக் கொட்டுவதற்காகப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"கொட்டாத. அதுவும் வேணும்" என்றாள் பிளசி.

இரண்டு டம்ளர்களில் கஞ்சி ஊற்றினார்கள். ஒன்றில் புதுச் சாறு. இன்னொன்றில் கொதித்த சாறு. சிறிது நேரம் கழித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தனித்தனித் தட்டில் விட்டு அயோடின் சொட்டினார்கள்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை இரண்டு தட்டுகளையும் குனிந்து பார்த்தார். ஒன்றில் கருநீலம். மற்றதில் அயோடினின் வெளிர்மஞ்சள் மட்டும். ஏன் இரண்டு சாறு என்று கேட்டார்.

பிளசி கலைமணியின் கையை இடித்தாள். "நீ சொல்லு. நீதானே செஞ்ச."

கலைமணி கொதித்த சாற்றுப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "கொதிக்க வெச்சா இது வேலை செய்யாதுங்க மேடம். நாங்க வெச்சுப் பாத்துட்டோங்க."

பேராசிரியையின் புருவம் உயர்ந்தது. "நல்லது. இந்தச் சாறு செலவாகலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

கலைமணி பிளசியைப் பார்த்தாள். பிளசிக்குப் புது ஆட்களைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கைக்கு அந்தக் கூச்சம் இல்லை. புதுச் சாறு ஊற்றிய அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் கஞ்சியை ஊற்றினாள். ஒரு சொட்டுச் சாறுகூடச் சேர்க்கவில்லை.

"அடுத்த மேசையைப் பாத்துட்டு வாங்க மேடம். அதுக்குள்ள இது முடிச்சிரும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வந்தார். அந்தக் கஞ்சியைத் தட்டில் விட்டுச் சொட்டிய அயோடினும் நீலமாகவில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

மாலையில் தர்மபுரிக்குத் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். பிளசி, கலைமணி என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் சுகுணா டீச்சர் தன்னை மறந்து நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினார்.

வீடு திரும்பும் பேருந்தில் கலைமணி மீதிப் புதுச் சாறு இருந்த பாட்டிலை மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன பாப்பா அது? பாலா? கெட்டுப்போச்சு போல இருக்கே, ஒரு கொதி வுட்டிருக்கலாம்ல?"

கலைமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது வினையூக்கிங்கண்ணா. கொதிக்க வெக்கக் கூடாது. நாங்க வெச்சுப் பாத்துட்டோம்."