எஞ்சுநாள் தீர்ந்த பிறகு

அலைவாய் மூத்தோர் இல்லத்தில் காலை ஏழரைக்கு இட்லியும் வடையும் வரும். வரிசையில் நிற்பவர் வடைப் பக்கம் கையை நீட்டியதும் மணிக்கட்டிலிருக்கும் கைப்பட்டை அதிரும். 'இரண்டு மணி நேரம் குறையும்' என்று அதில் எழுத்து ஒளிரும். கை தானாகப் பின்வாங்கிவிடும். செசிலியா மட்டும் மூன்று வடைகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவருடைய பட்டை அதிரவில்லை. ஐந்து வாரமாக அதில் ஒன்றுமே இல்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். அறுபத்தைந்து வயதானதும் எல்லோரையும்போல அவருக்கும் பட்டை கட்டினார்கள். இரத்தம், மூச்சு, நடை எல்லாவற்றையும் பார்த்து, இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்பார் என்று அதிலுள்ள கணிப்பான் சொல்லும். அதற்குப் பெயர் எஞ்சுநாள். கண் அறுவை, மூட்டுப் பயிற்சி, கடல் தெரியும் அறை எதுவானாலும் எஞ்சுநாளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கணிப்பு பெரும்பாலும் பிசகாது. நாளடைவில் பிறந்தநாள் கொண்டாடுவது நின்றுபோனது. மீதமிருப்பதை எண்ணுகிறவர்கள் நடுவில் போன வருடங்களைப் பேசுவது நாகரிகமில்லை என்றாகிவிட்டது.

ஜூலை நடுவில் செசிலியாவின் எண் பூஜ்யத்தைத் தொட்டது. மறுநாள் காலை அவர் எழுந்து பல் தேய்த்தார்.

அன்றிலிருந்து மூட்டுப் பயிற்சிக்கு யாரும் வரவில்லை. இப்போது இல்லத்தின் மேலாளர் இசக்கிராஜ் வந்து எதிரில் தயங்கி நின்றான்.

"அம்மா, உங்க ரூமை வேற ஆளுக்கு ஒதுக்கிட்டாங்க. மேலிடத்து உத்தரவு."

"அப்ப நான் எங்க போறது?"

"அது... உங்களுக்கு எடம் எதுவும் போடல."

"எப்படிப் போடுவாங்க? நான்தான் செத்துட்டேனே." செசிலியா வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார். "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழம எனக்கு எம்பத்தி மூணு. நம்ம பெரிய கூடத்த நாலு மணிக்குத் திறந்து வை."

"கணினி உங்க பேருக்கு இனிமே தேதி ஏத்துக்காதும்மா."

"அது ஏத்துக்காட்டி போகுது. சாவி ஒன்கிட்டதானே இருக்கு?"

சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு அடங்கிப்போயிருந்தது. செசிலியா எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்: "கேசரி கிண்டுறேன். வர்றவங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கூடம் திறந்திருந்தது. நான்கு மணிக்கு அங்கே செசிலியாவும் ஒரு பெரிய சட்டி கேசரியும் மட்டும்தான். நாலே காலுக்கு ஞானதுரை வந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பதினொரு வருடமாக இனிப்பைத் தொடாதவர். அப்படிக் கட்டுப்பாடாக இருந்தும் அவரிடம் ஒன்பது நாள்தான் மீதம்.

"வாங்க அண்ணாச்சி. பயமா இல்லையா?"

"ஒம்பது நாள வச்சுக்கிட்டு என்னத்தம்மா பயப்படறது?"

ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டார். பட்டை 'ஆறு மணி நேரம்' என்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டு இன்னொரு கரண்டி வாங்கினார். வாசலில் தயங்கி நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், பிறகு ஏழெட்டுப் பேர். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கப் பட்டைகள் வண்டுக்கூட்டம்போல் இரைந்தன. யாரோ ஒருவர் தன் வயது எழுபத்தொன்பது என்று உரக்கச் சொன்னார். அதைக் கேட்டு வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து அறையில் நான்கு வருடமாக இருப்பவரின் வயதைச் சிலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஞானதுரை தட்டை வைத்துவிட்டு இசக்கிராஜிடம் போனார்.

"எனக்கும் கூடம் வேணும் தம்பி. செப்டம்பர் பதினேழு."

இசக்கிராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டான். இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அவரிடம் இருப்பது ஒன்பது.

"சார்..."

"பொறந்தது அன்னைக்குத்தான். நான் என்ன பண்ண?"

அறிவிப்புத் திரையில் அந்தத் தேதி ஏறவில்லை. இசக்கிராஜ் ஒரு தாளை எடுத்துப் பேனாவால் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினான். மாலைக்குள் அதில் முப்பது பெயர்கள் சேர்ந்துவிட்டன. பாதிப் பேருடைய தேதி அவரவர் எஞ்சுநாளுக்கு அப்பால் இருந்தது. அன்றைய அறிக்கையில் அவன் இப்படி எழுதி அனுப்பினான்: 'அறை பதினான்கு காலியாக இல்லை. குடியிருப்பவர் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று.'

கணிப்பான் சொன்னபடியே ஒன்பதாம் நாள் ஞானதுரை இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வந்ததும் இசக்கிராஜ் பேனாவோடு அந்தத் தாளுக்கு முன்னால் நின்றான். "அம்மா, இந்தப் பேர அடிச்சிரட்டுமா?"

செசிலியா வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் எப்பச் சாவாருன்னு அது சரியாத்தான் சொல்லிருச்சு," என்றார். "அதுக்காக அவர் பொறந்தது இல்லன்னு ஆயிருமா? அது கெடக்கட்டும். நீ ரெண்டு கிலோ ரவ வாங்கிட்டு வா."

செப்டம்பர் பதினேழு அன்று மூன்றரை மணிக்கே கூடத்தில் உட்கார இடமில்லை.